ரேமுக்கு ரெண்டு மடங்கு... அந்த வரியை அடித்துத் தொலையுங்கள் ஐயா!

மே மாத நாக்பூர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கூலருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவனை எழுப்பியது பக்கத்து வீட்டுப் பெண். பி.சி.ஏ. கடைசி வருடம். கையில் லேப்டாப், கண்ணில் தண்ணீர்.

"அங்கிள், உங்களுக்கு லினக்ஸ் தெரியுமாமே. ஆன்ட்டி சொன்னாங்க."

(ஆன்ட்டி எதைத்தான் சொல்லவில்லை!)

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை ப்ராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். லேப்டாப்பில் பாஸ்வேர்ட் போட்டால் திரை ஒரு முறை கறுத்து மறுபடி பாஸ்வேர்டே கேட்கிறது. கடையில் காட்டியிருக்கிறாள். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எஸ்எஸ்டி போய்விட்டது, புதுசு போட வேண்டும், உள்ளே இருப்பது வருமா வராதா என்று சொல்ல முடியாது என்று சொல்லி 4500 ரூபாய் கேட்டிருக்கிறார். அந்த லேப்டாப்புக்கே இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி. அவள் அப்பாவின் சம்பளக் கணக்கு எங்கள் கிளையில்தான் இருக்கிறது, அதனால் 4500 என்பது அந்த வீட்டில் என்ன தொகை என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன், தொழில் தர்மம்.

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் எனக்குத் தொழில் இல்லை, கல்லூரி நாளில் பிடித்த பைத்தியம். அந்தப் பைத்தியத்தின் மிச்சத்தை வைத்துக்கொண்டு பென் டிரைவில் இருந்து பூட் செய்து பார்த்தேன். எஸ்எஸ்டிக்கு ஒரு கேடும் இல்லை. இடம்தான் இல்லை. வட்டு நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. வட்டில் ஒரு பைட்கூட எழுத முடியாத நிலையில் திரைக்குப் பின்னால் இருக்கும் நிரல்கள் தங்களுடைய சின்னச் சின்னக் கோப்புகளை எழுத முடியாமல் செத்துப் போகும். அதனால்தான் பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போக லினக்ஸுக்கு 40 ஜிபி ஒதுக்கியிருக்கிறாள். சரி. அந்த 40ல் ஸ்வாப் எவ்வளவு தெரியுமா? 16 ஜிபி. ஐந்தில் இரண்டு பங்கு! மீதி 24ல்தான் இயங்குதளம், அப்டேட்டுகள், பைத்தான் சாமான்கள், ப்ராஜெக்ட்டுக்காகப் போட்ட ஒரு வர்ச்சுவல் மெஷின் எல்லாமே குடித்தனம் நடத்த வேண்டும்.

"எதுக்கும்மா 16 ஜிபி ஸ்வாப்?"

"ரேம் 8 ஜிபி அங்கிள். ரெண்டு மடங்கு வைக்கணும்னு லேப் மேனுவல்ல இருக்கு. வைவாலயும் கேப்பாங்க."

வந்ததே கோபம் எனக்கு. அந்தப் பெண் மேல் இல்லை. அந்த வரி மேல். ஏனென்றால் அந்த வரிக்கும் எனக்கும் இருபத்தைந்து வருடப் பழக்கம்.

2001. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் நண்பன் வைத்திருந்த ப்ரௌசிங் சென்டர். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் ரெட் ஹாட் 7.1. அங்கிருந்த செலரான் பெட்டியில் 64 எம்பி ரேம், 4 ஜிபி சொச்சம் ஹார்ட் டிஸ்க். பத்திரிகையில் போட்டிருந்தபடி பக்தி சிரத்தையாக 128 எம்பி ஸ்வாப் கொடுத்தேன். வேலை செய்தது. ஏன் இரண்டு மடங்கு, ஏன் ஒன்றேகால் மடங்கு இல்லை என்று நானும் கேட்கவில்லை, நண்பனும் கேட்கவில்லை. ஏழரைச் சனி ஏன் ஆறரை வருடம் இல்லை என்று யாராவது கேட்கிறோமா?

கொஞ்சம் தெரியாதவர்களுக்காக. தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

எங்கள் கிளையில் காசாளர் கவுண்ட்டரில் ஒரு பணப்பெட்டி இருக்கும். கை நீட்டினால் எடுக்கலாம், கொடுக்கலாம். அதுதான் ரேம். பின்னால் ஸ்ட்ராங் ரூம். அதைத் திறக்க இரண்டு பேர் சாவி வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். அதுதான் ஸ்வாப், அதாவது ரேமில் இடம் போதாதபோது இப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களை வட்டில் கொண்டுபோய் வைக்கும் இடம். ஒரு பக்கம் என்பது சாதாரணமாக 4 கேபி. கவுண்ட்டருக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கும் உள்ள தூரம் இங்கே கொஞ்சநஞ்சம் இல்லை. ரேமில் ஒரு விஷயத்தை எடுக்க 100 நானோ செகண்ட் வாக்கில் ஆகும் என்றால் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லி செகண்ட் வாக்கில் ஆகும். ஒரு லட்சம் மடங்கு.

ஸ்ட்ராங் ரூமில் எவ்வளவு பணம் வைத்திருக்கலாம் என்பதற்கு எங்களுக்கு கேஷ் ரிடென்ஷன் லிமிட் என்று ஒன்று உண்டு. அதைக் கிளையின் வரவு செலவைப் பார்த்துத்தான் நிர்ணயிப்பார்கள். கவுண்ட்டர் பெட்டியின் நீள அகலத்தை அளந்து அதை இரண்டால் பெருக்கி நிர்ணயிப்பதில்லை. அப்படி எந்த மேனேஜராவது செய்தால் அடுத்த இன்ஸ்பெக்ஷனில் என்ன நடக்கும் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் இந்த இரண்டு மடங்கு எங்கிருந்து முளைத்தது? சும்மா யாரோ கிளப்பிவிட்ட உடான்ஸ் இல்லை. அதுதான் இதில் வேடிக்கை. ஒரு காலத்தில் அதற்கு நியாயமான காரணம் இருந்தது.

பழைய பிஎஸ்டி யூனிக்ஸில், அதன் வழிவந்த சன்ஓஎஸ் 4 போன்றவற்றில், ஒரு நிரல் நினைவகம் கேட்டால் அதற்குச் சமமான இடத்தை முன்கூட்டியே ஸ்வாப்பில் பதிவு செய்து வைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கடனுக்கு முன்னால் அடமானம் மாதிரி. ஆகவே ஸ்வாப்பின் அளவுதான் மொத்த நினைவகத்தின் அளவு. ரேமைவிட ஸ்வாப் குறைவாக இருந்தால் காசு கொடுத்து வாங்கிய ரேமின் ஒரு பகுதி சும்மா கிடக்கும்! அந்தக் காலத்தில் ஒரு மடங்கு என்றால் ஒரு லாபமும் இல்லை, இரண்டு மடங்கு என்றால்தான் ஸ்வாப்பால் ஏதோ பிரயோஜனம். கணக்கு சரியாக இருக்கிறதா? இருக்கிறது.

லினக்ஸுக்கு இந்தச் சிக்கல் முதலில் கிடையாது. 2001 ஜனவரியில் 2.4 கெர்னல் வந்தபோது புதுசாக ஒன்று வந்து சேர்ந்தது. ஸ்வாப்புக்குப் போன பக்கம் திரும்ப ரேமுக்கு வந்த பிறகும் ஸ்வாப்பில் அதற்குக் கொடுத்த இடத்தை விடுவிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது அது. லாக்கரில் இருந்த நகையை வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் லாக்கரை அவர் பெயரிலேயே வைத்திருப்பது போல. அதனால் ஸ்வாப் ரேமைவிட நன்றாகவே பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. இரண்டு மடங்காவது வையுங்கள் என்று கெர்னல் எழுதியவர்களே சொன்னார்கள். நான் திருநெல்வேலியில் போட்ட 7.1ல் இருந்தது 2.4.2. ஆக நான் தெரியாமல் செய்தது சரியாகவே அமைந்துவிட்டது.

ஆனால் பாருங்கள், அதே 2001 செப்டம்பரில் 2.4.10 வந்தபோது நினைவக நிர்வாகத்தையே தூக்கி வெளியே போட்டுவிட்டு ஆண்ட்ரியா ஆர்க்காஞ்செலி எழுதிய புதியதை வைத்தார்கள். மொத்தம் எட்டு ஒன்பது மாதம். அந்த எட்டு ஒன்பது மாதத்துக்காக எழுதப்பட்ட அறிவுரை, இன்று வாக்களிக்கும் வயதைத் தாண்டி, பி.சி.ஏ. படிக்கும் பெண்ணின் ப்ராஜெக்ட்டை விழுங்கப் பார்க்கிறது. அவள் அப்போது பிறக்கவே இல்லை!

அந்த மேனுவலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஸ்பைரல் பைண்டிங். அட்டையில் இந்தக் கல்வியாண்டு போட்டிருக்கிறது. உள்ளே படங்கள் எல்லாம் புதுசு. படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்து மட்டும் தாத்தா காலத்துச் சொத்து. ஒரு பக்கத்தில் ரேமைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப் கட்டாயம் என்கிறது. அதற்கு நாலு வரி தள்ளி, ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் 128 எம்பிக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. இதுவும் ஒரு காலத்தில் உண்மைதான். லினக்ஸின் ஆரம்பகால ஸ்வாப் வடிவத்துக்கு 32 பிட் இன்டெல் கணினிகளில் அந்த வரம்பு இருந்தது. சரி, இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்போம். 16 ஜிபி ஸ்வாப்பை 128 எம்பி துண்டுகளாகப் போட்டால் 128 பார்ட்டிஷன் வேண்டும். லினக்ஸோ 32 ஸ்வாப்புக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. ஆக, இந்த மேனுவலை எழுத்துப் பிசகாமல் பின்பற்றி இந்தப் பூவுலகில் எவராலும் லினக்ஸ் நிறுவ முடியாது. அச்சிடுவதற்கு முன் ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

நிற்க. இரண்டு மடங்கு என்பது ஏன் இன்று பொருந்தாது? எனக்குத் தெரிந்த கூட்டல் பெருக்கலை வைத்தே சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் ஒன்று அங்கும் இங்கும் தாவித் தாவிப் படித்தால் ஒரு விநாடிக்கு 100 இடம் படிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய 128 எம்பி ஸ்வாப்பில் 4 கேபி பக்கங்கள் 32,768. அத்தனையும் நிரம்பி, ஒவ்வொன்றாக எடுத்தாலும் 328 விநாடி. ஐந்தரை நிமிடம். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது 16 ஜிபி. பக்கங்கள் 41,94,304. அதே வேகத்தில் 41,943 விநாடி, அதாவது பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம்! டீ இல்லை, நாக்பூரில் ரயில் ஏறினால் ஆந்திராவைப் பாதி தாண்டிவிடலாம். (கெர்னல் அடுத்தடுத்த பக்கங்களைச் சேர்த்துப் படிக்கும், அதனால் நிஜத்தில் இவ்வளவு மோசம் போகாது என்று சொல்ல ஒருவர் வருவார். வரட்டும். எட்டு எட்டாகப் படித்தாலும் ஒன்றரை மணி நேரம்.) ரேமின் அளவு நூறு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது, சுழலும் வட்டின் தாவும் வேகம் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. அந்தக் கல்லூரி லேபில் இன்னும் இருப்பது சுழலும் வட்டுதான் என்று பெண் சொன்னாள். அதில் 16 ஜிபி ஸ்வாப் நிரம்பும் நிலை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மௌஸ் நகராது, எவனாவது பவர் பட்டனை அழுத்தியிருப்பான். நிரப்பவே முடியாத இடத்தை ஒதுக்கி வைப்பதற்குப் பெயர் என்ன?

எஸ்எஸ்டியில் இந்தத் தாமதம் ரொம்பக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே இடத்துக்கு விலை அதிகம், அதிலும் 256 ஜிபி என்பது இந்தக் காலத்துக்குச் சின்ன வீடு. சின்ன வீட்டில் ஐந்தில் இரண்டு பங்கை விருந்தாளிகளுக்கான அறை என்று பூட்டி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

சரி, ஊர் உலகத்தில் என்ன சொல்கிறார்கள்? ரெட் ஹாட் தன் நிறுவன லினக்ஸுக்கு வெளியிட்டிருக்கும் அட்டவணையில் ரேம் 2 ஜிபி அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் இரண்டு மடங்கு. 2க்கு மேல் 8 வரை ரேமுக்குச் சமம். 8க்கு மேல் போனால் குறைந்தது 4 ஜிபி, அவ்வளவுதான். ஹைபர்னேட் செய்வதாக இருந்தால் மட்டும் கணக்கு கூடும், ஏனென்றால் தூங்கப் போகும் முன் ரேமில் உள்ளதை ஸ்வாப்பில்தான் எழுதி வைக்க வேண்டும். டெபியன் நிறுவல் கையேடு ரேம் அளவுக்கு ஸ்வாப், பெரும்பாலும் 512 எம்பிக்குக் குறையாமல் என்று சொல்லி, விதிவிலக்குகள் உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. உபுண்டு 2017ல் 17.04 பதிப்பிலேயே தனிப் பார்ட்டிஷன் வழக்கத்தை விட்டுவிட்டு ஸ்வாப்பை ஒரு சாதாரணக் கோப்பாக வைக்க ஆரம்பித்தது. ஃபெடோரா 2020ல் 33ஆம் பதிப்பிலிருந்து வட்டுப் பக்கமே போகாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேமை இயல்பாகக் கொடுக்கிறது. கோப்பாக இருந்தால் நாளைக்கு நாலு கட்டளையில் கூட்டலாம், குறைக்கலாம். அப்புறம் நிறுவும் அன்றைக்கே ஜாதகம் கணித்து இடம் ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம், எக்ஸ்பி காலத்து ஒன்றரை மடங்கு பேஜ் ஃபைல் மந்திரத்தை இன்றைக்கும் 16 ஜிபி பெட்டியில் கைப்பட எழுதிக்கொண்டிருக்கும் புண்ணியவான்கள் எங்கள் அலுவலகத்திலேயே உண்டு.

இன்னொரு கோஷ்டியும் இருக்கிறது. ரேம்தான் நிறைய இருக்கே, ஸ்வாப் எதற்கு, தூக்கு என்பவர்கள். இது முதல் மூடநம்பிக்கைக்கு எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. ஸ்வாப்பே இல்லாவிட்டால் என்றைக்கோ திறந்து மறந்துபோன நிரலின் தரவு ரேமிலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். நெருக்கடி வந்தால் கெர்னல் அதைத் தொட முடியாமல், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பக்கங்களையே தூக்கி எறிந்து மறுபடி மறுபடி வட்டிலிருந்து படிக்கும். கடைசியில் ஏதாவது ஒரு நிரலைப் பிடித்துக் கொன்றுபோடும். ஆகவே கொஞ்சம் வேண்டும். எவ்வளவு என்பதை நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது சொல்லட்டும். ஃப்ரீ என்று ஒரு கட்டளை, விஎம்ஸ்டாட் என்று இன்னொரு கட்டளை. வழக்கமான வேலையெல்லாம் ஓடும்போது ஒரு வாரம் பாருங்கள், உங்கள் பெட்டியே உங்களுக்குச் சொல்லிவிடும்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். ஸ்வாப் பார்ட்டிஷன் நல்லவேளையாக ஒட்டியே இருந்தது. முதலில் ப்ராஜெக்ட்டைப் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். அப்புறம் ஸ்வாப்பை அழித்து, அந்த 16 ஜிபியைப் பக்கத்துப் பார்ட்டிஷனோடு சேர்த்து, அதற்குள் 4 ஜிபியில் ஒரு ஸ்வாப் கோப்பு. அட்டவணைப்படி 8 வர வேண்டும், ஆனால் அவள் ஹைபர்னேட் செய்வதில்லை. பாஸ்வேர்ட் போட்டாள், திறந்தது. ஆனால் பூட் ஆக ஒன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. என்னடா என்று பார்த்தால், எஃப்எஸ்டேப் என்கிற பட்டியல் கோப்பில் பழைய ஸ்வாப் பார்ட்டிஷனின் பெயர் அப்படியே இருக்கிறது. இல்லாத ஒன்று வரும் வரும் என்று 90 விநாடி காத்திருந்துவிட்டு, வராததால் மேலே போகிறது. அந்த வரியை நீக்கினேன். சரியாகிவிட்டது. அடுத்த ஒரு வாரம் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தாள், ஸ்வாப் 600 எம்பியைத் தாண்டவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆணி பிடுங்குவது போதாதென்று ஒரு சனிக்கிழமை, இரண்டாம் சனி விடுமுறை, நேரே கல்லூரிக்கே போய் அந்த லேப் ஆசிரியரைப் பார்த்தேன். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், "இருந்துட்டுப் போகட்டுமே சார், அதனால என்ன நஷ்டம்? கொஞ்சம் இடம்தானே?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நஷ்டம் என்ன என்றால், 4500 ரூபாய் சார். ஒரு ப்ராஜெக்ட் சார். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு "ஏன்" என்ற கேள்வியே வராமல் ஒரு எண்ணை மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுக்கிறீர்களே, அது. எனக்கு இது நடந்திருக்கிறது. பி.காமில் கரண்ட் ரேஷியோ 2:1 இருந்தால் உத்தமம் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியவன் நான். அங்கேயும் ரெண்டு மடங்கு! வங்கியில் சேர்ந்து முதல் தடவை ஒரு கடன் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, 1.4 தான் இருக்கிறது சார், தேறாது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டாண்டன் கமிட்டி கேள்விப்பட்டிருக்கியாய்யா?" என்றார். 1974ல் ரிசர்வ் வங்கி அமைத்தது. நடப்புச் சொத்து 100 ரூபாய் என்றால் 25 ரூபாய் நீண்டகால நிதியிலிருந்து வரட்டும், மீதி 75 வரை நடப்புக் கடனாக இருக்கலாம் என்றது அதன் இரண்டாவது முறை. 100ஐ 75ஆல் வகுத்தால் 1.33. வங்கிகள் அந்த 1.33ஐ வைத்துக் கடன் கொடுக்க ஆரம்பித்து எத்தனையோ வருடம் கழித்து நான் 2:1 என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த மேனேஜர் மட்டும் இல்லையென்றால் நல்லபடி தொழில் நடத்தும் ஒரு அரவை மில்காரருக்கு என் இரண்டு மார்க்கை நம்பிக் கடனை மறுத்திருப்பேன். பாடப்புத்தகத்தில் கிடக்கும் வரி யாருக்கும் நஷ்டமில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர் அடுத்து ஒரு சமாதானம் சொன்னார். நீக்குவதற்குப் பதிலாக, கீழே ஒரு அடிக்குறிப்பு போட்டுவிடலாமாம். புது கணினிகளுக்கு இது மாறலாம் என்று. ஐயா, அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? கடன் பத்திரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதை எத்தனை பேர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். மேலே தடித்த எழுத்தில் "கட்டாயம்" என்று இருந்தால் கீழே சின்ன எழுத்தில் என்ன இருந்தாலும் அது இல்லாத மாதிரிதான்.

எங்கள் தொழிலில் இந்த வியாதி ரொம்ப நாளாக இருந்தது. ஒரு விதி மாறினால் புது சுற்றறிக்கை வரும். பழையதும் கோப்பில் இருக்கும். எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று கண்டுபிடிக்கவே தனி அனுபவம் வேண்டும், அந்த அனுபவத்தை வைத்தே சிலர் காலம் தள்ளினார்கள். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி 9000க்கும் மேற்பட்ட பழைய சுற்றறிக்கைகளை ஒரே மூச்சில் ரத்து செய்து, செல்லுபடியாகும் விஷயங்களை மட்டும் 244 தொகுப்புகளாக்கியது. அவ்வளவு பெரிய இடத்தில் 9000 சுற்றறிக்கைகளை எடுக்க முடிகிறது, ஒரு ஸ்பைரல் பைண்டிங்கில் இரண்டு வரியை எடுக்க முடியாதா என்று கேட்டேன். சிரித்தார். பிறகு உண்மையைச் சொன்னார். மேனுவலைத் திருத்தலாம், ஆனால் வைவா கேள்வி பதில் பட்டியல் துறைத் தலைவரிடம் இருக்கிறது, அதில் விடை "இரண்டு மடங்கு". மேனுவலில் மாற்றி அதில் மாற்றாவிட்டால் பிள்ளைகளுக்கு மார்க் போகும்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய பெட்டிகள் இன்னும் சிலரிடம் இருக்கிறதே என்றிருந்தால் அந்த அட்டவணையைக் காட்டியிருப்பேன், 2 ஜிபிக்குக் கீழே இரண்டு மடங்கு இன்றும் அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு எண் வேண்டுமே என்றிருந்தால், இன்ஸ்டாலர் தானாகக் காட்டும் எண்ணை அப்படியே ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றிருப்பேன். பரீட்சை விடைத்தாள் என்ற சுவருக்கு எதிரே என்ன பேசுவது?

துறைத் தலைவர் அன்றைக்கு இல்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வரியை எடுங்கள், அந்த இடத்தில் இதைப் போடுங்கள் என்று நானே எழுதியும் கொடுத்தேன்: "இன்ஸ்டாலர் பரிந்துரைக்கும் ஸ்வாப் அளவை ஏற்றுக்கொள்ளவும். ஹைபர்னேட் தேவையென்றால் ரேம் அளவுக்குக் குறையாமல் வைக்கவும். பின்னர் பயன்பாட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்." நிஜமாகவே இவ்வளவுதான் விஷயம். கூடவே விடைப் பட்டியலையும் திருத்துங்கள், திருத்தும்வரை அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள் என்றும் எழுதினேன். முத்திரை இல்லாத கடிதத்துக்கு மதிப்பில்லை என்பதால் பெயருக்குக் கீழே பதவியையும் போட்டேன். வங்கி அதிகாரி எதற்கு ஸ்வாப்பைப் பற்றி எழுதுகிறான் என்று அவர் குழம்பினால் குழம்பட்டும்.

இதற்கு நடுவே அந்தப் பெண்ணுக்கு வைவா வந்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி கதவைத் தட்டிக் கேட்டாள், "அங்கிள், ஸ்வாப் எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

ரெண்டு மடங்கு என்றே சொல்லிவிடம்மா என்றேன். வேறென்ன சொல்வது, மார்க் அவளுடையது. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்...

கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் வந்தால் எழுதுகிறேன். கூலரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது போல, அனல் அடிக்கிறது. ஊற்றிவிட்டு வருகிறேன்.